புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும் பாரம்பரிய மொழிப் பள்ளிகளும்

ஒரு குடும்பம் ஊரை விட்டு வேற்றுநாடு செல்லுங்கால் பெட்டியில் எடுத்துச் செல்பவை பல. எடுத்துச் செல்கின்றோம் என்னும் எண்ணமே இன்றி நாவில் எடுத்துச் செல்வது மொழி. பெட்டியில் சென்றவை பெயரர் காலம் வரை பரணில் கிடக்கும். நாவில் சென்றதோ மக்கள் காலத்திலேயே தேயத் தொடங்கிவிடுகின்றது. இத்தேய்வைத் தடுக்கும் பொருட்டுப் புலம்பெயர்ந்தோர் தம் பிள்ளைகளுக்கென மாலை வேளைகளிலும் வார இறுதி நாள்களிலும் நடத்தும் பள்ளிகளைப் பாரம்பரிய மொழிப் பள்ளிகள் என்பர். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாநிலம் 1977-ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வித் திட்டத்திற்குப் பின்னர் இப்பெயர் கல்வியாளரிடையே பரவலாயிற்று.

இத்துறையில் சீனர்கள் நெடிய பட்டறிவு உடையவர்கள். தமிழர்களும் அவர்களுக்குப் பெரிதும் பின்தங்கியவர்கள் அல்லர். இவ்விரு சாராரின் பள்ளிகளையும் ஒருங்கு வைத்து நோக்கி, இப்பள்ளிகள் உண்மையில் எந்த மொழியைக் கற்பிக்கின்றன என்னும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வினா மிக எளியதாகத் தோன்றலாம். எமக்கும் அவ்வாறே தோன்றியது, மேல்சித்தாமூரில் ஒரு தேர்த்திருவிழா நாளில் ஒரு சிறுமியைக் காணும் வரை.

மேல்சித்தாமூரில் கண்டது

மேல்சித்தாமூர், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட சிற்றூர். தமிழ்ச் சமணரின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் அங்கு அமைந்துள்ளன. சுற்றுப்புறத்து நயினார் குடும்பத்தார் தமிழையே தாய்மொழியாக உடையவர்கள். வழிபாட்டில் மட்டும் பிராகிருதமும் வடமொழியும் இடம்பெறும். ('நயினார்' என்னும் பெயர் எம்மவரிடையேயும் வழங்குவதால், எம் கல்லூரி வருகைப் பதிவேட்டில் எந்த நயினார் எவ்வழியினர் என்பதை உடன்வரும் பெயரைக் கொண்டே அறிதல் வேண்டும்.) அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் எம் முன்னாள் மாணவர். கணினி அறிவியல் பயின்றவர்; பகுதி ஒன்று தமிழை மட்டும் எம்மிடம் கற்றவர். இன்று அமெரிக்காவில் பணிபுரிகின்றார். அவர் வாழும் நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடி, ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகின்றன. ஆசிரியர் பொறுப்பு இவருடையது. தமிழ் பயிற்றும் பயிற்சி தமக்கு இல்லை என்றும், துறையினர் பாடங்கள் எழுதி உதவ வேண்டும் என்றும் எமக்கு எழுதினார்.

கோடை விடுமுறையில் துறை ஆசிரியர் மூவர் அமர்ந்து இருபத்து நான்கு பாடங்கள் எழுதினோம். பிழையற்ற தமிழ், அளவான இலக்கணம், ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் பயிற்சி. முதற்பாடத்தில் ஒரு சிறுவன் காலையில் எழுந்து, நீராடி, உணவு உண்டு, பள்ளி செல்கின்றான். அப்பாடங்களை அனுப்பி வைத்த நாளில் நாம் கொண்ட பெருமிதத்தை மறைப்பதற்கில்லை.

ஈராண்டு கழித்து, விடுமுறைக்கு ஊர் வந்த அவர் தேர்த்திருவிழாவுக்கு எம்மை அழைத்திருந்தார். அவர்தம் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும். கோயில் வாயிலில் ஒட்டியிருந்த விழா அழைப்பிதழை அச்சிறுமி உரக்கப் படித்தாள். லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் தத்தம் இடத்தில் நின்றன. திண்ணையில் இருந்த பெரியவர்கள் வியந்தனர். எம் உள்ளம் குளிர்ந்தது.

பின்னர் வீட்டிற்குச் சென்றோம். கட்டிலில் அமர்ந்திருந்த ஆயா பேத்தியின் கையைப் பற்றி, "இன்னா கண்ணு, இப்பிடி எளச்சுப் பூட்ட? பசிக்குதா? எதுனா துன்னியா?" என்றார். சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் ஆங்கிலத்தில் சொன்னார். சிறுமி சற்றே எண்ணிப் பார்த்து, "நான் உணவு உண்டேன்" என்றாள். வீட்டிலுள்ளோர் அனைவரும் நகைத்தனர். ஆயாவும் நகைத்தார். சிறுமி நகைக்கவில்லை. அதன்பின் அன்று முழுவதும் அவள் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்த 'உண்டேன்' எம் முதற்பாடத்துச் சொல்.

பள்ளி இல்லாத குடியும் பள்ளி இருந்த குடியும்

சீனர்பக்கம் வருவோம். சீனர் வரலாற்றின் ஒரு சிறு துணுக்கு நம் தமிழகத்திலேயே உண்டு. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாநிலச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் சிலர், விடுதலைக்குப் பின் நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தங்கினர். தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இவர்களைக் குறிப்பிடுகின்றார். உடல் அளவுகளைக் குறித்துக்கொள்ள இசைந்தால் பணம் தருவதாக அவர் சொல்லி அனுப்பியபோது, பணம் வேண்டா, தங்கள் நிழற்படங்களின் படிகளைத் தந்தாற் போதும் என்று அவர்கள் பணிவுடன் விடையிறுத்தனராம். தம் முகங்களைத் தம் மக்களுக்கு விட்டுச் செல்ல அவர்கள் விரும்பினர் போலும். மொழியை விட்டுச் செல்ல வழியில்லை. கைவிரல் விட்டு எண்ணத்தக்க அக்குடும்பங்களுக்குப் பள்ளி ஏது? தாய் தமிழ் பேசினாள்; பிள்ளையும் தமிழ் பேசிற்று. அக்குடி நாளடைவில் சுற்றியிருந்த மக்களோடு கலந்து மறைந்தது.

கல்கத்தாச் சீனர் நிலை வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அந்நகரில் சீனர் உண்டு. தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட ஹக்கா மரபினர் டாங்ரா பகுதியில் செறிந்து வாழ்ந்தனர். பெய் மெய் என்னும் பள்ளியையும் நடத்தினர். 1962-ஆம் ஆண்டுப் போரின் விளைவாக இந்தியச் சீனர் ஏறத்தாழ 3000 பேர் இராசத்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர்ப் பலர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்தனர். எஞ்சியோர் பிழைப்பை முன்னிட்டுத் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்பினர். பெய் மெய் பள்ளியில் மாணவர் குறைந்து வகுப்புகள் நின்றன.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். டாங்ராவின் வீடுகளில் பேசப்பட்டது ஹக்கா. பள்ளியில் கற்பிக்கப்பட்டது மாண்டரின். சீனமொழி என நாம் ஒரு பெயரால் சுட்டுவது உண்மையில் ஒரு குடும்பம். ஹக்கா, காண்டனீஸ், ஹொக்கியன், மாண்டரின் ஆகியவை பேசுங்கால் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள இயலாத அளவு வேறுபட்டவை. அவற்றை ஒன்றெனக் காட்டுவது எழுத்து. எனவே மரபைக் காக்கவென்று எழுந்த பள்ளியிலேயே, பிள்ளை தன் பாட்டியின் மொழியை அன்று, எழுத்தறிந்தோரின் மொழியையே கற்றது.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. சான்பிரான்சிஸ்கோ நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீனப் பள்ளிகள் எழுந்தன. சீனர் குடியிருப்புகளில் அமைந்த பழைய பள்ளிகளில் பிள்ளைகள் அன்றாடம் ஆங்கிலப் பள்ளி முடிந்து வந்து காண்டனீஸ் மொழியில் பாடம் கேட்டனர். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் தைவானிலிருந்து படித்த குடும்பங்கள் வந்தன. அவர்கள் புறநகர்களில் வார இறுதிப் பள்ளிகளை நிறுவினர். பழைய வடிவ எழுத்துகளையும், ஒலிப்பைக் காட்டத் 'சூயின்' என்னும் குறியீடுகளையும் கற்பித்தனர். அதன்பின் சீனப் பெருநாட்டிலிருந்து வந்தோர், 1956-இல் அங்குச் சுருக்கப்பட்ட எழுத்துகளையும், 1958-இல் ஏற்கப்பட்ட 'பின்யின்' என்னும் உரோமன் எழுத்துமுறையையும் கொண்டு தனிப் பள்ளிகள் தொடங்கினர். ஆகவே ஒரே நகரில், ஒரே தெருவில், இரு சீனப் பிள்ளைகள் இருவேறு வடிவ எழுத்துகளைக் கற்கக் காணலாம். தந்தை எவ்விடத்திலிருந்து வந்தவர் என்பதே பிள்ளையின் எழுத்தை முடிவு செய்தது. பெரியவர்களின் அரசியல் பிள்ளையின் எழுதுபலகையில் வந்து அமர்ந்தது எனலாம். வளர்ந்து நிற்கும் பொருளாதாரம் கருதி, காண்டனீஸ் வீட்டுப் பிள்ளைகளும் பின்னர் மாண்டரின் வகுப்புக்கே மிகுதியாகச் செல்லலாயினர்.

இப்பள்ளிகளின் பொழுதளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வாரம் 2 மணி நேரம். ஆண்டில் 35 வாரம் நடந்தால் 70 மணி நேரம். அதே பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் நாளொன்றுக்கு 6 மணி நேரமாக 180 நாள், அஃதாவது 1080 மணி நேரம் செலவிடுகின்றது. விளையாட்டும் தொலைக்காட்சியும் தோழரும் ஆங்கிலமே. சனிக்கிழமை காலையில் பிற பிள்ளைகள் பந்து விளையாடும்போது தாம் மட்டும் வகுப்பில் இருப்பதைப் பிள்ளைகள் விரும்புவதும் இல்லை. செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு ஈராயிரம், மூவாயிரம் சீன எழுத்துகளையேனும் மனத்தில் பதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால், அப்பெற்றோரின் விடாமுயற்சி வியப்பையே தருகின்றது.

சிங்கப்பூர் காட்டும் கணக்கு

சிங்கப்பூரை விரிவாக நோக்குவதற்குக் காரணம் உண்டு. சீனரும் தமிழரும் அங்கு அருகருகே வாழ்கின்றனர். இருவர் மொழியும் ஆட்சிமொழி. இரண்டும் பள்ளிப் பாடம். மேலும், அங்கு எம் சமுதாயத்தார் நடத்திய தமிழ்ப்பள்ளி ஒன்றின் வரலாறும் உண்டு.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துக் கடையநல்லூரிலிருந்து சென்ற முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினர். ஆடவர் மட்டும் சென்று பொருளீட்டித் திரும்புவது அக்கால வழக்கம். கடையநல்லூரார் பெண்டிர் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றனர். பிள்ளைகள் உள்ள இடத்தில் பள்ளி வேண்டுமன்றோ? கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவிற்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரையும் அதற்குச் சூட்டிற்று. 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த பள்ளியாக அது சிங்கப்பூர்த் தமிழர் அனைவருக்கும் பயன்பட்டது. உடலுழைப்பால் வாழ்ந்த எளிய மக்கள், தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிதல் நன்று.

இதே காலத்தில் சீனரும் ஒரு பெருஞ்செயல் செய்தனர். சீனவழியில் உயர்கல்வி தர நன்யாங் பல்கலைக்கழகத்தை 1950-களில் எழுப்பினர். பெருவணிகர் மட்டுமன்றி மூவுருளி மிதிவண்டி ஓட்டியோரும் தம் ஒருநாள் வருவாயை அதற்கு ஈந்தனர். 1980-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. உமறுப்புலவர் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இரண்டும் ஒரே காரணத்தால் நலிந்தன: வேலைவாய்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது; பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலவழியில் சேர்த்தனர். 1987-இல் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. தாய்மொழி இரண்டாம் மொழிப் பாடமாக நின்றது. உமறுப்புலவரின் பெயர் மறையவில்லை. 1983-இல் அமைந்த உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சீனரிடையே 1980-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் ஹொக்கியன், காண்டனீஸ் முதலிய வட்டார மொழிகளையே வீட்டில் பேசின. பள்ளியில் மாண்டரின், வீட்டில் வேறு என்னும் சுமையை நீக்க எண்ணிய அரசு, 1979-இல் மாண்டரின் பேசுக என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. வீடு பள்ளியின் மொழிக்கு மாறியது. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சீனருள் வட்டார மொழிகளை வீட்டில் முதன்மையாகப் பேசுவோர் நூற்றுக்கு 12-க்கும் குறைவு. மாண்டரின் பேசுவோர் 2010-இல் 47.7 விழுக்காடாக இருந்து 40.2 ஆகக் குறைந்தனர். ஆங்கிலம் பேசுவோர் 32.6-லிருந்து 47.6 ஆக உயர்ந்தனர். பாட்டியின் மொழியை அகற்றி அங்கே பள்ளியின் மொழியை வைத்தனர். பெயர்த்து நட்ட செடியைப் பிடுங்குவது எளிதாயிற்று.

தமிழின் நிலையும் மகிழத்தக்கதன்று. அங்குள்ள இந்தியருள் வீட்டில் முதன்மையாகத் தமிழ் பேசுவோர் 2010-இல் 36.7 விழுக்காடு, 2020-இல் 27.9. இந்தியர் என்னும் தொகையில் பிறமொழியினரும் அடங்குவர் என்பதை நினைவிற் கொண்டாலும், பத்தாண்டில் ஏற்பட்ட இவ்விறக்கம் சிறியதன்று. இத்தனைக்கும் அங்குத் தமிழ் கட்டாயப் பாடம். பயிற்சி பெற்ற ஆசிரியர், நல்ல நூல், தேர்வு, வானொலி, தொலைக்காட்சி யாவும் உள்ளன. வாடகை அறையில் சனிக்கிழமை நடக்கும் வகுப்புக்கு இவற்றுள் எதுவும் இல்லை.

எங்கே பிழை? மொழிப் பெயர்ச்சியை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் எழுதிய நூலில், ஒரு மொழி பிழைப்பது தாய்தந்தையர் அதனைப் பிள்ளைகளிடம் வீட்டில் பேசுவதாலேயே என்றும், அதை விடுத்துப் பள்ளியை மட்டும் நம்புவது வீண் என்றும் வற்புறுத்துகின்றார். சிங்கப்பூரிலும் இவ்வுண்மை உணரப்பட்டது. 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடந்தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழை மட்டும் பேசக் கேட்ட பிள்ளைகள், தமிழ் என்பது தேர்வுக்குரியது, வாழ்வுக்குரியதன்று எனக் கருதத் தலைப்பட்டதே அதன் காரணம்.

நம் வீட்டு உருதுவும் நம் பாட்டியரின் எழுத்தும்

இதனை அறியச் சிங்கப்பூர் வரை செல்ல வேண்டுவதில்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் உள. அவர்கள் வீட்டில் பேசுவது தக்கனி. 'வேண்டா' என்பதற்கு 'நக்கோ' என்பர். 'ஆம்' என்பதற்கு 'ஹௌ' என்பர். இவை தக்காணத்தில் பல நூற்றாண்டு வழங்கிய சொற்கள். பிள்ளை உருது வகுப்பில் 'நக்கோ' என்றால் ஆசிரியர் திருத்துவார். இலக்னோ, தில்லி வழக்கே உருது என்பார். பிள்ளை வீட்டிற்கு வந்து தாயைத் திருத்தும். தாய் நாணுவாள். எம்முடன் படித்த உருது வீட்டுத் தோழர் ஒருவர், தம் வீட்டில் பேசுவது உருதுவே அன்று, ஏதோ கலப்படம் என்று நெடுநாள் நம்பியிருந்தார். அவர்தம் பிள்ளைகள் இன்று வீட்டில் தமிழும் ஆங்கிலமும் பேசுகின்றனர்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டுள்ளோம். எம் நன்னி பள்ளிக்கூடம் சென்றவரல்லர். தமிழ் நெடுங்கணக்கு அறியாதவர். ஆயினும் தமிழ் படிப்பார், அரபு எழுத்தில். திருக்குர்ஆன் ஓதக் கற்ற எழுத்துகளோடு, தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளியிட்டுச் சேர்த்த சில எழுத்துகளையும் கற்று, அரபுத்தமிழ் நூல்களைத் தடையின்றி வாசிப்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் இவ்வகையில் எழுதிய நூல்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெண்டிரிடையே கல்வியைப் பரப்பின. அந்நூல்களின் தமிழ் புலவர் தமிழன்று. அடுக்களையில் நின்று கேட்டாலும் விளங்கும் தமிழ். அக்காலத்து மதரசா பிள்ளையின் வீட்டு மொழியைத் திருத்தவில்லை. அதற்கு ஓர் எழுத்தை மட்டும் கொடுத்தது. செந்தமிழ்ப் பற்றால் அத்தமிழை இகழ்ந்த இளமைக்காலம் எமக்கும் உண்டு. எம்.ஃபில். ஆய்வு செய்த நாளில் அரபுத்தமிழைத் தலைப்பாக எடுக்கலாம் என்று நண்பர் சொன்னபோது, அதில் இலக்கியம் என்ன இருக்கின்றது என்று கேட்டவரும் நாமே.

எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே

மேல்சித்தாமூரிலிருந்து திரும்பிய பின், இருபத்து நான்கு பாடங்களையும் எடுத்து மீண்டும் படித்தோம். அவற்றில் ஒரு பிள்ளை தன் ஆயாவிடம் சொல்லத்தக்க தொடர் ஒன்றுகூட இல்லை.

சீனப் பிள்ளைக்கு எழுத்தே மலை. தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து எளிது: உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, உயிர்மெய்க் குறிகளைப் பழகினால் எதனையும் ஒலித்துவிடலாம். இந்த எளிமையே நம்மை ஏமாற்றுகின்றது. ஓராண்டில் பிள்ளை படிக்கத் தொடங்கிவிடுவதால் மொழி வந்துவிட்டது என்று மகிழ்கின்றோம். படிப்பது எழுத்துத்தமிழ்; வீட்டில் கேட்பது வேறு.

ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது பெரும்பாலும் ஒழுங்கான வழி. 'இலை' 'எல' ஆவது போல் 'இடம்' 'எடம்' ஆகும். 'உடம்பு' 'ஒடம்பு' ஆகும். 'காற்று' 'காத்து' எனவும், 'நேற்று' 'நேத்து' எனவும் வரும். 'ஒன்று' 'ஒண்ணு', 'கன்று' 'கண்ணு'. 'படித்தேன்' 'படிச்சேன்' ஆனால் 'அடித்தேன்' 'அடிச்சேன்' ஆகும். 'வருகிறேன்' 'வரேன்', 'தருகிறேன்' 'தரேன்'. இத்தகைய பத்துப் பன்னிரண்டு மாற்றங்களை அறிந்த பிள்ளை, பேச்சிலிருந்து எழுத்துக்குத் தானே ஏறிவிடும். தமிழகத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் முதல் வகுப்பில் ஒருவரும் சொல்லித் தராமலே இதனைச் செய்கின்றது. நாம் அனுப்பிய பாடங்களோ மேல்தளத்தில் தொடங்கின; கீழே இறங்கப் படி வைக்கவில்லை.

பேச்சுத்தமிழில் தொடங்கிப் புதிய பாடங்கள் எழுதலாம் என்றபோது துறையின் மூத்த பேராசிரியர் உடன்படவில்லை. அவர் கூறியதை எளிதில் ஒதுக்க இயலாது. எந்தப் பேச்சு என்று கேட்டார். திண்டிவனத்து 'இன்னா'வா, யாழ்ப்பாணத்து 'என்ன செய்யிறியள்' என்பதா? ஒரு சனிக்கிழமை வகுப்பில் கோவைப் பிள்ளையும் காயல்பட்டினத்துப் பிள்ளையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் ஒருங்கே அமர்கின்றனர். அவர்களை இணைப்பது எழுத்துத்தமிழ் அன்றோ? அச்சில் ஏறிய கொச்சை நாளை இலக்கணம் ஆகிவிடாதா? அவர் கேள்விகள் இவை. முதல் கேள்வி எம்மை நெடுநேரம் நிறுத்திற்று. சீனர் பள்ளிகளும் இதே கேள்விக்கு விடையாகத்தானே மாண்டரினைத் தேர்ந்தன!

பின்னர் ஒரு வழி தோன்றிற்று. சீன மொழிகளுக்கிடையே உள்ள தொலைவு தமிழின் வழக்குகளுக்கிடையே இல்லை. படித்தவர் பல ஊரினரோடும் உரையாடும் பொதுவான பேச்சுத்தமிழ் ஒன்று உண்டு. சிங்கப்பூர் வகுப்பறை ஏற்றதும் அதனையே. பாடத்தின் உடல் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பக்கம் வெற்றிடமாக விடப்படும். அப்பக்கத்தைப் பிள்ளை தன் ஆயாவிடமோ, நன்னியிடமோ, அம்மம்மாவிடமோ தொலைபேசியில் கேட்டு, அவர் வாய்ச்சொல்லாலேயே நிரப்ப வேண்டும். எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. எழுத்துத்தமிழ் எட்டாம் பாடத்தில் தொடங்கும்; மேலே காட்டிய மாற்றங்கள் அங்கே பாடமாகும். தமிழக அரசு 2001-இல் நிறுவி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அமைப்பின் பாடங்கள் அதற்கு மேற்பட்ட படிக்கு உள்ளனவாதலின் அவற்றை நாம் மீண்டும் எழுதவில்லை.

மூத்த பேராசிரியர் முழுதும் இசைந்தார் என்று சொல்லுதற்கில்லை. 'கொச்சை' என்னும் சொல்லைப் பாடநூலின் எப்பக்கத்திலும் எழுதக் கூடாது என்று நாம் கேட்டுக்கொண்டோம். இன்று வரை அவர் அதனைக் காத்து வருகின்றார். மெய்ப்புத் திருத்தும்போது 'வரேன்' என்பதன்மேல் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இடுவதை மட்டும் அவரால் விட இயலவில்லை.

புதிய பாடங்கள் பதினொன்று சென்றுள்ளன. மூன்றாம் பாடத்தின் வெற்றுப்பக்கத்தை அச்சிறுமி நிரப்பி, படம் எடுத்து அனுப்பியிருக்கின்றாள். 'ஆயா சொன்னது' என்று தலைப்பிட்டு எட்டுத் தொடர்கள். முதல் தொடர், 'கண்ணு, எப்ப வருவ?' இரண்டாவது, 'மயே பேயுது, கேவுறு காயப் போட்டேன், நனஞ்சு பூட்ச்சு.' கேவுறு என்றால் என்ன என்று ஓரத்தில் கேள்விக்குறி இட்டிருக்கின்றாள். ழகரம் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. விடையைப் பன்னிரண்டாம் பாடத்தில் எழுத வேண்டும். கேழ்வரகின் படம் ஒன்றைத் தேடி வருமாறு இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரை மேல்சித்தாமூர்ப் பக்கம் அனுப்பியுள்ளோம்; வரும் சனிக்கிழமைக்குள் அது அங்குச் சேர வேண்டும்.